மழைக்கு ஒதுங்கிய அளவு

நாற்பத்தொரு வயதில் அவள் வேலை மாறியபோது தெருவே சிரித்தது. பதினாறு வருடம் திரைச்சீலைக் கடையில் இருந்தவள். கழுத்தில் டேப்பைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் ஜன்னல் அளப்பதுதான் அவள் தொழில். டேப் இல்லாத அவள் கழுத்தைத் தாலி கட்டிய கணவனே சரியாகப் பார்த்ததில்லை என்று கேலி பேசுவார்கள். அதனால் 'டேப்பு' என்பதே அவள் பெயராகிப் போனது. பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அந்த டேப்பு இப்போது நகராட்சியில் விதி அமலாக்க அலுவலர். நடைபாதையை அடைத்துக் கடை போட்டாலோ, குப்பையைத் தெருவில் கொட்டினாலோ, அனுமதி இல்லாமல் சுவர் எழுப்பினாலோ நேரில் போய், அளந்து, எழுதி, நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஊரில் யாருக்கும் பிடிக்காத வேலை. இப்படிப்பட்ட அலுவலர் தெருவில் நுழைந்தால் பூனைகூடத் தன் வாலை மடக்கி எல்லைக்குள் வைத்துக்கொள்ளும்.

இந்த வேலைக்கு அவளைத் தள்ளிவிட்டது அவளுடைய அக்கா. அக்காவுக்குப் பதினொரு வயதிலேயே கால்கள் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. அன்று முதல் சக்கர நாற்காலிதான். தங்கை வீட்டின் முன்னறையில் இருந்தபடியே ஒரு தொலைபேசி நிறுவனத்துக்கு வாடிக்கையாளர் சேவை பார்க்கிறாள். குரல் வெண்ணெய், நாக்கு கத்தி. வீட்டிலிருந்து கடைத்தெரு நானூறு அடி தூரம். அந்த நானூறு அடிக்குள் அக்காவின் நாற்காலி ஆறு இடத்தில் நடைபாதையை விட்டுச் சாலையில் இறங்க வேண்டியிருந்தது. ஒரு கடையின் படி, ஒரு கடையின் பலகை, நாலு மோட்டார் சைக்கிள் என்று வரிசையாக வழிமறித்து நின்றன. ஒருநாள் ஒரு லாரியின் பக்கக் கண்ணாடி அவள் தோளை உரசிக்கொண்டு போனது. அன்றிலிருந்து அக்கா நகராட்சிக்கு எழுத ஆரம்பித்தாள். பதினான்கு புகார் எழுதினாள். பதினான்குக்கும் ஒரே பதில் வந்தது: தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது.

பதினைந்தாவது கடிதத்துக்குப் பதிலாக ஒரு விளம்பரத்தைக் கத்தரித்துத் தங்கையின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். வயது வரம்பு நாற்பத்திரண்டு என்றிருந்தது.

"எழுதி எழுதிக் கை ஓஞ்சு போச்சுடி. வாசல்ல நின்னு கத்துறதுக்கு நான் இருக்கேன். உள்ள இருந்து கதவைத் திறக்க நீ போ."

டேப்புவின் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். அவருக்கு இதில் ஒரே ஒரு கவலைதான். வீட்டில் அதிகாரி வந்துவிட்டால், சாப்பிட்ட தட்டை அங்கேயே விட்டுவிட்டுப் போவது ஆக்கிரமிப்பில் சேருமா என்று கேட்டார். சேரும் என்று அக்காவும் தங்கையும் ஒரே குரலில் சொன்னார்கள்.

விதிப் புத்தகம் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். வேறு யாராக இருந்தாலும் மூன்றாம் பக்கத்தில் தூங்கியிருப்பார்கள். டேப்பு அதை ஒரு நாவலைப் போலப் படித்தாள். உன் கூரைத் தண்ணீர் அடுத்தவன் வாசலில் விழக் கூடாது. உன் நாய் அடுத்தவன் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது. உன் கதவு நடப்பவன் முகத்தில் திறக்கக் கூடாது. படிக்கப் படிக்க அவளுக்கு வியப்பு கூடியது. அடுத்தவனை மனிதனாக மதி என்ற ஒற்றை வாக்கியத்தைத்தான் யாரோ பொறுமையாக இருநூறு பக்கத்துக்கு விரித்து எழுதியிருக்கிறார்கள். நல்ல மனசு எல்லோருக்கும் எப்போதும் இருக்கும் என்று நம்பி ஊரை நடத்த முடியாது. அதற்காகத்தான் விதி என்ற ஒன்று இருக்கிறது. அக்கா கேள்வி கேட்க, அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே பதில் சொல்ல, தேர்வு நாளன்று கணவருக்கே விதி நாற்பத்தேழு மனப்பாடமாகியிருந்தது.

தேறினாள். ஆனால் அது முழு வேலை இல்லை. ஆறு மாதத் தகுதிகாண் காலம். கடைசி நாளில் மேலதிகாரி கையெழுத்துப் போட்டால் நிரந்தரம், போடாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். திரைச்சீலைக் கடையில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. ஆக, ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

அந்த மேலதிகாரிக்கு அலுவலகம் வைத்திருந்த பெயர் 'பார்க்கலாம்'. கெட்டவர் இல்லை. எந்தக் கோப்பை நீட்டினாலும், எந்த அநியாயத்தைச் சொன்னாலும், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு "பார்க்கலாம்" என்பார். கண்ணாடியை ஏற்றிய பிறகு அவருக்கு எதுவும் தெரியாது என்பதுதான் வேடிக்கை. இந்த நாட்டில் பெரிய கொடுமைகள் பலவும் கெட்டவர்களால் நடப்பதில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்த நல்லவர்களால் நடக்கின்றன.

முதல் ஐந்து மாதமும் டேப்புவுக்குத் திருவிழாவாகப் போனது. காலையில் சீருடைச் சட்டையை மாட்டி, இடுப்பில் புது நூறடி டேப்பைச் செருகிக்கொண்டு கிளம்புவாள். ஒரு சந்தில் இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரு மரக்கிளைக்காகப் பதினொரு வருடமாகப் பேசாமல் இருந்தார்கள். கிளை என் பக்கம், உன் பக்கம் என்று சண்டை. அவள் அளந்து பார்த்தாள். கிளை இரண்டு பேருக்கும் சொந்தமில்லை. பொதுச் சந்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. வெட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தாள். மறுநாள் அந்த இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கு வந்து அவளைத் திட்டிவிட்டுப் போனார்கள். பதினொரு வருடப் பகை தீர்ந்ததே என்று அவள் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினாள்.

ஆறாவது மாதம் பிறந்ததும் கடைத்தெருக் கோப்பு அவள் மேசைக்கு வந்தது.

தெருவின் நடுவில் பெரிய சோபாக் கடை ஒன்று உண்டு. வாசலில் நாலு பளிங்குப் படி. அதற்கு எதிரே, நடைபாதையின் சாலையோர விளிம்பில், பதினொரு தள்ளுவண்டிகள். பழக்காரம்மா, பழைய புத்தகக்காரர், குடை ரிப்பேர்க்காரர், ரப்பர் செருப்பு விற்பவர் என்று எல்லாம் அன்றாடங்காய்ச்சிகள். நடக்க வழியில்லாமல் வண்டிகள் அடைக்கின்றன, அகற்றுங்கள் என்று சோபாக்கடைக்காரர் மனு கொடுத்திருந்தார். விதி தெளிவாகவே இருந்தது. வண்டிக்கும் கடைக்கும் நடுவில் நடப்பவருக்கு ஆறடி இருக்க வேண்டும். கோப்பில் இருந்த அளவு நாலடி. முந்தைய ஆண்டுகளிலும் இதே நாலடிதான்.

பார்க்கலாம் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமையோடு அவள் தகுதிகாண் காலம் முடிகிறது என்பதை நினைவூட்டினார். அன்றைக்குள் வண்டிகள் போய்விட்டால் தனக்கும் கையெழுத்துப் போட மனசு லேசாக இருக்கும் என்றார். போகாவிட்டால் என்ன என்று அவள் கேட்டாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

டேப்பு நேராகக் கடைத்தெருவுக்குப் போனாள். அவளை நாலடி என்ற எண் உறுத்தவில்லை. அந்த நாலடி எங்கே தொடங்குகிறது என்பதுதான் உறுத்தியது.

இதற்குப் பின்னால் ஒரு பழைய அவமானம் உண்டு. திரைச்சீலைக் கடையில் சேர்ந்த புதிதில், ஒரு பெரிய ஓட்டலின் நாற்பது ஜன்னலுக்கும் யாரோ எழுதி வைத்திருந்த அளவை நம்பித் துணி வெட்டிவிட்டாள். எழுதியவன் ஜன்னல் சட்டத்திலிருந்து அளந்திருந்தான். சீலை தொங்குவதோ சட்டத்துக்கு ஒன்பது அங்குலம் மேலே இருக்கும் கம்பியில். நாற்பது திரையும் தரைக்கு ஒன்பது அங்குலம் மேலே, வெள்ளத்துக்குப் பயந்து வேட்டியைத் தூக்கிப் பிடித்தவர்கள்போல நின்றன. முதலாளி அன்று பேசிய பேச்சு இன்றும் காதில் இருக்கிறது. அன்று கற்றுக்கொண்டாள்: அடுத்தவர் அளவை நம்பாதே, அளவு டேப்பின் முடிவில் இல்லை, தொடக்கத்தில் இருக்கிறது.

வண்டியிலிருந்து முதல் படிவரை அளந்தாள். சரியாக நாலடி. யாரும் பொய் எழுதவில்லை. ஆனால் நடைபாதை அந்தப் படியில்தான் முடிகிறது என்று யார் சொன்னது?

அலுவலகக் கிடங்கு அறையில் இரண்டு நாள் தும்மிக்கொண்டே பழைய பதிவேடுகளைப் புரட்டினாள். வருடா வருடம் அதே நாலடி, அதே கையெழுத்து மாதிரியான கிறுக்கல். எல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. ஈயடிச்சான் காப்பி என்பார்களே, அதற்கு அந்த அலமாரியில் பதினொரு வருடச் சரித்திரம் இருந்தது. கடைசியில், அடியில் கிடந்த முதல் பதிவேட்டில், முதல் அளவுக்குப் பக்கத்தில் மெலிந்த எழுத்தில் ஒரு குறிப்பு. 'கனமழை. எல்லையிலிருந்து அளக்க இயலவில்லை. கடைக்கூரையின்கீழ் ஒதுங்கிப் படியிலிருந்து அளக்கப்பட்டது. வெயில் வந்ததும் மறுபடி அளக்க வேண்டும்.'

வெயில் பதினொரு வருடமாக வந்துகொண்டுதான் இருந்தது. யாரும் மறுபடி அளக்கவில்லை. அடுத்த வருடம் எழுதியவர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு குறிப்பை விட்டுவிட்டார். மழைக்கு ஒதுங்கிய ஒருவர் நின்ற இடமே நகரத்தின் எல்லையாகிவிட்டது. அந்த எண்ணை வைத்து எத்தனை முறை வண்டிகளை லாரியில் ஏற்றினார்கள், எத்தனை கூடைப் பழம் சாக்கடையில் உருண்டது என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அதை எழுதுவதற்கு மட்டும் கட்டம் போட மறந்துவிட்டார்கள்.

அவளுக்கு முதலில் கோபம் பொங்கியது. பிறகு, தூசிக்குள் தனியாக உட்கார்ந்து, சிரிக்க ஆரம்பித்தாள். பக்கத்து மேசைச் சக அலுவலர் எட்டிப் பார்த்தார். வெயில் மழை எதுவானாலும் குடையோடு திரிவதால் அவருக்குப் பெயர் 'குடை'. அவள் குறிப்பைக் காட்டினாள். அவர் இரண்டு தடவை படித்துவிட்டுத் தன் குடையை வாஞ்சையோடு தடவினார்.

"நான் ஏன் இதைத் தூக்கிட்டு அலையறேன்னு எல்லாரும் கேட்டீங்களே."

இனி வேண்டியது உண்மையான எல்லை. பழைய வரைபடத்தில் அது பளிச்சென்று இருந்தது. சாலையும் இருபுற நடைபாதைகளும் சேர்த்து அகலம் அறுபது அடி. இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு எல்லைக்கல். சோபாக் கடைப் பக்கத்துக் கல் எங்கேயும் தென்படவில்லை. எதிர்ப்பக்கத்தில், நூலகச் சுவரை ஒட்டி இருக்க வேண்டிய கல்லையும் காணோம். சுவரோரமாக அவள் குனிந்து மூன்று முறை நடந்தாள். அங்கே சாவி செய்பவர் ஒருவர் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். என்ன தொலைத்தீர்கள் என்று அவர் கேட்டார். ஒரு கல்லை என்றாள். இவ்வளவு பெரிய ஊரில் கல்லைத் தொலைத்தவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, அவர் சாவியைக் கல்லின்மேல் வைத்துச் சுத்தியலால் தட்டினார்.

அவள் அந்தக் கல்லைப் பார்த்தாள். சாக்கை லேசாக விலக்கச் சொன்னாள். கல்லின் பக்கவாட்டில் நகராட்சியின் அம்புக்குறி இருந்தது.

பத்தொன்பது வருடமாக அவர் அதன்மேல்தான் தட்டிக்கொண்டிருக்கிறார். அசைக்க முடியாத நல்ல கல் என்று தேடிப் பிடித்த இடமாம் அது. அரசாங்கம் நட்டதில் இவ்வளவு உறுதியாக நின்றது இது ஒன்றுதான் என்றும் சொன்னார்.

பார்க்கலாமிடம் பதிவேட்டையும் வரைபடத்தையும் விரித்து வைத்தாள். அவர் பதிவேட்டின் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார்.

"இத்தனை வருஷமா யாரும் இதைக் கேக்கலையேம்மா."

"யாரும் கேக்கலைன்னா அளவு மாறிடுமா சார்?"

"சரி… பார்க்கலாம்."

"அதைத்தான் சார் நானும் சொல்றேன். வெள்ளிக்கிழமை காலையில ஏழு மணிக்கு வந்து பாருங்க."

இந்தச் செய்தி சோபாக்கடைக்காரர் காதுக்குப் போக அரை நாள் ஆயிற்று. அவர் அவளை எதிர்க்கவில்லை. அவளையே அளந்து பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு நாளில் பார்க்கலாம் மேசையில் ஒரு புதுப் புகார் கிடந்தது. ஊரையெல்லாம் அளக்கும் அலுவலர் அம்மாவின் வீட்டு வாசலில் ஒரு பலகைச் சாய்தளம் பொதுச் சந்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஊருக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயமா? கீழே சோபாக்கடைக்காரரின் கையெழுத்து.

அது உண்மை. அக்காவின் நாற்காலி இறங்குவதற்காகக் கணவர் பலகையும் தகரமும் வைத்து அடித்த சாய்தளம். ஊரில் உள்ள ஜன்னலெல்லாம் அளந்தவள், தினமும் தாண்டிப் போகிற அந்தப் பலகையை ஒருநாளும் அளந்ததில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மாவா? ஒரு கறுப்புப் புள்ளி போதும், கையெழுத்துப் போடாமல் இருக்க. பார்க்கலாம் அவளைவிடச் சங்கடப்பட்டார். வெள்ளிக்கிழமை அளவைத் தள்ளிப்போட்டால் இதையும் தள்ளிப்போடலாமே என்று மெல்ல இழுத்தார்.

தள்ளிப்போட வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். தன் வீட்டைத் தானே அளப்பது முறையில்லை என்பதால் குடையை அழைத்துப் போனாள். குடை அளந்தார்: பதினாலு அங்குலம் அதிகம். நோட்டீஸை ஒட்ட வேண்டியது அந்தப் பகுதி அலுவலர், அதாவது அவளே. தன் வீட்டுக் கதவில் தானே பசை தடவி ஒட்டினாள். பக்கத்து வீட்டு ஜன்னல்களில் எல்லாம் தலை முளைத்தது. அக்கா நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, தன் வாடிக்கையாளர் சேவைக் குரலில் அதை உரக்க வாசித்தாள்.

"அன்பான வாடிக்கையாளரே, தாங்கள் பதினாலு அங்குலம் அதிகமாக வாழ்ந்துவருகிறீர்கள். சிரமத்துக்கு வருந்துகிறோம்."

குடை குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

விதி ஏழு நாள் அவகாசம் கொடுக்கிறது. கணவர் ஒரே நாளில் முடித்தார். சந்துக்கு நேராக இறங்கிய பலகையைத் திருப்பி, வீட்டு எல்லைக்குள்ளேயே சுவரை ஒட்டி நீளமாகச் சாய்த்தார். முன்பு செங்குத்தாக இருந்ததால் யாராவது பின்னால் பிடிக்க வேண்டியிருந்தது. இப்போது சரிவு நீண்டு மெதுவானது. அக்கா யாரையும் கூப்பிடாமல் தானே இறங்கினாள், தானே ஏறினாள், மறுபடி இறங்கினாள். ஏழெட்டு முறை. சோபாக்கடைக்காரருக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுத வேண்டும் என்றாள். இவ்வளவு காலம் இது நமக்குத் தோன்றவில்லையே என்று கணவர் தலையில் அடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலைச் சாப்பாட்டின்போது அக்காவும் கணவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையெழுத்து விழாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்க இருவருக்கும் வாய் வரவில்லை. கேட்காத கேள்விக்கு அவளே பதில் சொன்னாள்.

"ஜன்னல் இருக்கு. ஊர்ல ஜன்னலுக்கா பஞ்சம்?"

"இருக்குதான். ஆனா உனக்கு இப்ப தெரு பிடிச்சுப் போச்சே" என்றாள் அக்கா. அவள் டேப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

ஏழு மணிக்குக் கடைத்தெருவில் சந்தைக் கூட்டம். வண்டிக்காரர்கள் பதினொரு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் சோபாக்கடைக்காரர் படியின் உச்சியில் நின்றார். பார்க்கலாம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சாவி செய்பவர் தன் கல்லை ஈரத்துணியால் துடைத்து, சாக்கை மடித்து வைத்து, விருந்தாளியை அறிமுகப்படுத்துவதுபோலக் காட்டினார். டேப்பின் முனையைக் கல்லில் பிடித்துக்கொள்ளும் பொறுப்பை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

டேப்பைச் சாலைக்குக் குறுக்கே இழுத்தாள். பாதிச் சாலை தாண்டியபோது ஒரு நகரப் பேருந்து திருப்பத்தில் வந்து, டேப்புக்கு ஒரு முழத்துக்கு முன்னால் மூச்சு விட்டு நின்றது. ஓட்டுநர் இருக்கையில் அவள் கணவர். பயணிகள் ஏன் நிற்கிறது என்று சத்தம் போட்டார்கள். அவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, விதி நாற்பத்தேழு, அளவெடுப்பு நடக்கும்போது வாகனம் நிற்க வேண்டும் என்று முழுதாக ஒப்பித்தார். பேருந்தில் இருந்த பாதிப் பேர் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

டேப் நடைபாதையில் ஏறியது. வண்டிகளுக்கு இடையே நுழைந்தது. முதல் படியை எட்டியபோது ஐம்பத்து நாலரை. அவள் நிற்கவில்லை. இரண்டாம் படி, மூன்றாம் படி, நாலாம் படி. சோபாக்கடைக்காரர் கால் கட்டைவிரலை அவளே நாசூக்காக நகர்த்திவைத்தாள். அறுபது அடி, கடைக் கதவின் நிலைக்கு நேராக விழுந்தது.

அதாவது நாலு படியும், மொத்தம் ஐந்தரை அடியும், நடைபாதையின் மேல் உட்கார்ந்திருந்தன. படிகள் இல்லாவிட்டால் வண்டிக்கும் கடைக்கும் நடுவில் ஒன்பதரை அடி. விதி கேட்பது ஆறு.

யாரும் கைதட்டவில்லை. பழக்காரம்மா மட்டும் குடை ரிப்பேர்க்காரரிடம், அப்படியென்றால் இத்தனை வருடமும் நாம் சரியான இடத்தில்தான் நின்றோமா என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். அவள் வண்டிக்குப் போய் ஒரு ஆப்பிளை எடுத்துத் துடைத்துத் தானே கடித்துச் சாப்பிட்டாள். தன் சரக்கில் ஒரு பழத்தை அவள் தின்பதைத் தெரு அன்றுதான் பார்த்தது.

சோபாக்கடைக்காரர் கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"மேடம், அது ராசியான படி. நாலு படி வச்ச நாள்லேருந்துதான் இங்க வியாபாரம் ஓடுதுன்னு பழைய முதலாளியே சொன்னார். எடுத்தா எனக்கு ஆகாதுங்க."

"ராசி படியிலதான் இருக்குன்னா, அதை உங்க இடத்துக்குள்ள வச்சுக்கங்க. ராசி உள்ள வந்தா இன்னும் நல்லதுதானே."

கூட்டம் சிரித்தது. அவரும் ஒரு நொடி தாமதித்துச் சிரித்துவிட்டார். அவரும்தான் என்ன செய்வார்? படியை அவர் கட்டவில்லை. கட்டியவரிடமிருந்து கடையை வாங்கியவர். ஆனால், வீட்டுப் பலகையைத் தானே ஒரு நாளில் திருப்பிப் போட்டவளிடம் அவர் எதைச் சொல்லி வழக்காட முடியும்? அவர் எறிந்த கல் அவர் வாசலிலேயே திரும்பி வந்து விழுந்திருந்தது.

எல்லோரும் பார்க்கலாமைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றப் போனார். கை பாதியில் நின்றது. கண்ணாடியை மூக்கிலேயே வைத்துக்கொண்டு, குனிந்து டேப்பில் இருந்த எண்ணைப் படித்தார். ஒரு தடவை அறுபதைப் பார்த்தார். ஒரு தடவை எதிர்ப்பக்கத்துக் கல்லைப் பார்த்தார். பதினொரு வண்டிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்தத் தெருவில் அவர் இருபது வருடமாக நடந்து போகிறார்.

"பார்த்தாச்சு" என்றார்.

அன்று மாலையே கையெழுத்து விழுந்தது. பணி நிரந்தர ஆணையை நீட்டும்போது அவர் வேறொன்றும் சொன்னார். முதல் பதிவேட்டில் மழைக் குறிப்பு எழுதியவர் தன் நண்பராம், மறு மாதமே வேறு ஊருக்கு மாற்றல் ஆகிவிட்டாராம். அடுத்த வருடம் நண்பரின் குறிப்பை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்து எழுதியது தான்தான் என்று சொல்லிவிட்டு, ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். டேப்பு ஆணையை மடித்துப் பையில் வைத்தாள். நாற்பது திரை ஒன்பது அங்குலம் மேலே தொங்கிய கதையை அவருக்குச் சொன்னாள். வேட்டியைத் தூக்கிய இடம் வந்ததும் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

இரண்டு வாரத்தில் படிகள் பெயர்க்கப்பட்டன. நாலாம் படிக்கு அடியில், கதவு நிலையை ஒட்டி, அம்புக்குறியோடு இன்னொரு கல் பத்திரமாக இருந்தது. கடைக்காரர் படிகளை உள்ளே வைத்தார். பக்கத்தில் சாய்தளமும் வைக்க வேண்டும் என்று விதி சொன்னதால் அதையும் வைத்தார். அதன் வழியாக இப்போது சோபாக்கள் வெகு சுலபமாக வெளியே போகின்றன; அதை மட்டும் அவர் யாரிடமும் ஒப்புக்கொள்வதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா கடைத்தெருவுக்குக் கிளம்பினாள். சோபாக் கடையைத் தாண்டி, பதினொரு வண்டியையும் தாண்டி, சாலையில் ஒருமுறைகூட இறங்காமல் நாற்காலி உருண்டது. பழைய கடைப் பலகையும் மோட்டார் சைக்கிள்களும் இதற்குள் நோட்டீஸ் வாங்கி ஒதுங்கியிருந்தன. பழைய புத்தகக்காரரிடம் நின்று, பேய்க் கதைப் புத்தகம் ஒன்றின் விலையைப் பேரம் பேசி, பேயே இல்லை என்று நிரூபித்து, பாதி விலைக்கு வாங்கினாள். அதை மடியில் போட்டுக்கொண்டு தெரு முனைவரை போய்விடுவது என்று சக்கரத்தைத் தள்ளினாள். தங்கை பின்னால் கைவீசி நடந்தாள். பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை.

முனைக்குப் பத்தடி இருக்கும்போது நாற்காலி நின்றது. நடைபாதையின் நட்டநடுவில் இரண்டு இரும்புக் கால் ஊன்றிய ஒரு புத்தம்புதுப் பெரிய பலகை. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் விளிம்பு; நாற்காலி நுழைய வழியே இல்லை. அக்கா பலகையை நிமிர்ந்து பார்த்து, வெண்ணெய்க் குரலில் வாசித்தாள்.

"நடைபாதையை ஆக்கிரமிக்காதீர். இப்படிக்கு, நகராட்சி."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்காதான் முதலில் குலுங்கினாள். சிரித்துச் சிரித்துப் பேய்ப் புத்தகம் மடியிலிருந்து நழுவியது. பழக்காரம்மா என்னவோ ஏதோ என்று ஓடி வந்து, பலகையைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, அவளும் சேர்ந்துகொண்டாள்.

டேப்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு இடுப்பிலிருந்து டேப்பை உருவினாள். ஞாயிற்றுக்கிழமைதான். இருந்தாலும் அளந்து வைத்தால் திங்கட்கிழமை காலை எழுதிவிடலாம். நோட்டீஸ் யார் பெயருக்குப் போக வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. பார்க்கலாமின் அறை அவள் மேசையிலிருந்து எட்டு அடி தூரம்.

"முனையைப் பிடி அக்கா" என்றாள்.

"எங்க இருந்துடி?"

"சுவர்லேருந்து. மழை இல்லை, நிதானமாப் பிடி."